லெவன் பிளஸுக்காக வீட்டில் தமிழை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் ரீச்சர். நாங்கள் ஹரோவில் இருக்கிறோம். மகள் இயர் ஃபைவ். ஆகஸ்ட்டில் பிறந்தவள், வகுப்பிலேயே சின்னவள். வருகிற செப்டம்பரில் லெவன் பிளஸ் எழுத வேண்டும், அதுதான் கிராமர் ஸ்கூல் என்கிற, பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசாங்கப் பள்ளிகளுக்கான சேர்க்கைப் பரீட்சை. ஹென்ரியேட்டா பார்னெட் பள்ளி, ஸ்லவ் நகரத்துக் கிராமர் ஸ்கூல்கள் இரண்டுக்கும் போடலாம் என்று நினைக்கிறோம். கணக்கில் பயமில்லை, ஆங்கிலம்தான் பிரச்சினை. இரண்டு இடத்தில் ரியூசனுக்கு விடுகிறோம். போன மாதம் எழுதிய மாதிரிப் பரீட்சையில் கணக்கு 84, ஆங்கிலம் 58. கொம்ப்ரிஹென்ஷனில்தான், பத்தியை வாசித்து விடை சொல்லும் பகுதியில்தான், கூடுதலாகப் பிழை விட்டிருக்கிறாள். நான் ஊரில் ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணியவள். அப்போது படித்த மாதிரியே தினமும் இருபது புதுச் சொல் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறேன். அடுத்த கிழமை கேட்டால் மறந்துவிடுகிறாள். ரியூசனில் 'வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்துங்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியையும் பரீட்சை முடியும்வரை நிறுத்துங்கள்' என்கிறார்கள். இவருக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. எனக்கு மனம் வரவில்லை. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. என்ன செய்யலாம்?
ஒரு தாய், ஹரோ

பதில்: நிறுத்த வேண்டாம். வீட்டுத் தமிழையும் சரி, சனிக்கிழமைப் பள்ளியையும் சரி. எதையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இரண்டு ரியூசனில் ஒன்றை நிறுத்துங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'தமிழை நிறுத்து' என்ற அறிவுரையோடு வருடத்துக்கு இரண்டு மூன்று பெற்றோராவது என்னிடம் வருவார்கள். ஒரு வீட்டில் அதைக் கேட்டு, பிள்ளையோடு இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டமே போட்டார்கள். தாய், தகப்பன் இரண்டு பேருக்கும் வேலையிடத்தில் சமாளிக்கிற அளவு ஆங்கிலம். மூன்று மாதத்தில் அந்த வீட்டுப் பேச்சு 'ஈட் பண்ணு, ஸ்லீப் பண்ணு, ஹோம்வேர்க் ஃபினிஷா' என்று சுருங்கிவிட்டது. முன்பு தகப்பன் சாப்பாட்டு மேசையில் ஊரில் கிணறு இறைத்த கதை, மாடு தொலைந்த கதை எல்லாம் சொல்வாராம். அதை ஆங்கிலத்தில் சொல்ல அவருக்கு வரவில்லை, விட்டுவிட்டார். பிள்ளையின் ஆங்கிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. கதைதான் போய்விட்டது.

உங்கள் மகள் பள்ளியில் ஆறு மணித்தியாலம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறாள். சிநேகிதிகளோடு ஆங்கிலம், டிவி ஆங்கிலம், கனவுகூட ஆங்கிலத்தில்தான் காண்பாள். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டு மொழி வேறாக இருக்கிறது. ஆகவே அவள் ஏதோ தனியாகப் பின்தங்கி நிற்கிறாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்குக் குறைவது ஆங்கிலப் பேச்சு அல்ல. அந்த 58 வேறு எதையோ சொல்கிறது.

நீங்கள் ஸ்கொலர்ஷிப் என்று எழுதியதும் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாங்கள் எப்படிப் படித்தோம்? கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்தோம். ஒரே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப வரும், கை பழகிவிடும், வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் சரி. லண்டனில் நம் ஆட்கள் லெவன் பிளஸை அதே கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறார்கள். கணக்குக்கு அது ஓரளவு பலிக்கும், உங்கள் மகளின் 84 அதற்குச் சாட்சி. ஆங்கிலத்துக்குப் பலிக்காது. ஸ்லவ் உட்படப் பல இடங்களுக்குத் தாள் தயாரிப்பது ஜிஎல் அசெஸ்மென்ட் என்ற நிறுவனம். அது பழைய தாள்களை வெளியிடுவதில்லை. தாள் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்வதற்காகச் சில மாதிரிகளை மட்டும் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மீதிக் 'கடந்தகால வினாத்தாள்' எல்லாம் யாரோ தாங்களாக எழுதி விற்பவை.

இன்னொரு விஷயம். மச்சாள் வீட்டிலிருந்து பழைய புத்தகப் பெட்டி ஒன்று வந்திருந்தால் அட்டையைப் பாருங்கள். சிஇஎம் என்று போட்டிருந்தால் அது வேறொரு அமைப்பின் பரீட்சை. கடதாசியில் எழுதும் லெவன் பிளஸை விட்டுவிடுவதாக 2022இல் அது அறிவித்துவிட்டது. சொற் பயிற்சிக்கு அந்தப் புத்தகம் உதவும், ஆனால் 'பரீட்சை இப்படித்தான் வரும்' என்று அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, ஜிஎல் ஆங்கிலத் தாளில் என்ன இருக்கும்? ஒரு நீளமான பத்தியும் அதன் மேல் கேள்விகளும். பிறகு எழுத்துப்பிழை கண்டுபிடிப்பது: ஒரு வரியை நான்கு துண்டாகப் பிரித்துத் தருவார்கள், பிழை எந்தத் துண்டில் என்று சொல்ல வேண்டும், பிழையே இல்லாவிட்டால் 'N' என்ற ஆங்கில எழுத்தைக் குறிக்க வேண்டும். நிறுத்தக்குறிகளுக்கும் இதே முறைதான். கடைசியில் வசனத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்வது. எல்லாம் விடை தெரிவு செய்யும் கேள்விகள். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்ற வேகம் வேண்டும், பத்தியை வாசிக்கும் நேரமும் அதற்குள்தான்.

ஹென்ரியேட்டா பார்னெட்டில் செப்டம்பரில் நடக்கும் முதல் சுற்றும் விடை தெரிவு செய்வதுதான். அதில் முன்னுக்கு வந்த சில நூறு பிள்ளைகளை இரண்டாம் சுற்றுக்கு அழைப்பார்கள். அங்கே ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் எழுதித்தான் விடை சொல்ல வேண்டும்.

இனி அந்த 58க்கு வருவோம். கொம்ப்ரிஹென்ஷன் கேள்விகளில் பல, பத்தியில் நேரடியாக இல்லாததைக் கேட்கும். பத்தி ஒன்றைச் சொல்லும், பிள்ளை இன்னொன்றை ஊகிக்க வேண்டும். இதை விளக்க வகுப்பில் நான் சொல்கிற இரண்டு வசனங்கள் இவை: 'வாசலில் ஒரு சோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தது. அம்மம்மா ஒன்றும் கேட்கவில்லை, உலையில் இன்னொரு சுண்டு அரிசி போட்டார்.' என்ன நடந்தது? ஒரு பிள்ளை சட்டென்று 'அம்மம்மாவுக்குப் பசி' என்றது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் பரீட்சைத் தாளில் அதுவும் ஒரு விடையாக நிற்கும், பலர் அதில் விழுவார்கள். வந்தது யாரோ விருந்தாளி. எப்படித் தெரியும்? செருப்பு. வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். எப்படித் தெரியும்? அரிசி. அம்மம்மா எப்படிப்பட்டவர்? 'ஒன்றும் கேட்கவில்லை' என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? ஊகிக்கிற பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் மற்ற மொழிக்கும் கூடவே வரும். வீட்டில் நீங்கள் நன்றாகக் கதைக்கிற மொழியில்தான் அதை நன்றாகப் பழக்க முடியும். உங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார். ரியூசனுக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட அவருக்குக் கொடுக்கத் தேவையில்லை.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகள் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். பிறகு வாசித்ததை அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். விளங்காமல் ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் கடந்துபோய்விடலாம், விளங்காமல் அதைத் தமிழில் சொல்ல முடியாது. எங்கே தடுமாறுகிறாளோ அங்கேதான் அவளுக்குப் பத்தி பிடிபடவில்லை. அம்மம்மா கதை கேட்பவர் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்பார்: 'ஏன் அவன் அப்படிச் செய்தவன்? அந்தப் பெட்டைக்குக் கோபமோ? உனக்கு எப்படித் தெரியும்?' கொம்ப்ரிஹென்ஷன் தாளில் வருகிற கேள்விகளும் இவைதான். முதல் இரண்டு கிழமை 'எனக்குத் தமிழில் சொல்லத் தெரியாது' என்று முகத்தைத் தூக்கி வைப்பாள். ஆங்கிலச் சொல் கலந்தே சொல்லட்டும், திருத்தாதீர்கள். மூன்றாம் கிழமை பாருங்கள்.

மாதிரிப் பரீட்சைத் தாளைத் திருப்பி எடுத்து உட்காரும்போதும் இதே கேள்விதான்: 'எந்தச் சொல் உனக்குச் சொன்னது?' பிழைவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடைக்கு ஆதாரமான வரியில் அவள் விரலை வைக்க வேண்டும். விரல் வைக்க இடமில்லை என்றால் அவள் குருட்டாம்போக்கில் போட்டிருக்கிறாள். இப்படிப் பத்துக் கேள்வி பார்த்தாலே ஒரு வடிவம் தெரியும். சில பிள்ளைகள் பத்தியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, ஞாபகத்தில் இருந்து விடை போடுவார்கள். சிலர் கேள்வியில் இருக்கிற 'நொட்' (இல்லை) என்ற சொல்லைக் காணாமல் விடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுகிற குழி வேறு: உலகத்தில் உண்மை, ஆனால் இந்தப் பத்தியில் இல்லை என்கிற விடை. 'நாய்கள் விசுவாசமானவை' என்பது உண்மைதான். இந்தக் கதையில் வருகிற நாய் கடித்துவிட்டு ஓடிப்போயிருக்கலாம். இன்னும் ஒன்று, பத்தியில் உள்ள அதே சொல்லைத் தூக்கி ஒரு பிழையான விடைக்குள் வைத்திருப்பார்கள். தெரிந்த முகம் என்று பிள்ளை போய் ஒட்டிக்கொள்ளும்.

புதுத் தாள் மூன்று செய்வதைவிடப் பழைய தாள் ஒன்றை இப்படிப் பிரித்துப் பார்ப்பது மேல். இரண்டு ரியூசன், இரண்டு வீட்டுவேலை என்று ஓடும் பிள்ளைக்கு இதற்கு நேரமே இருக்காது. அதனால்தான் ஒன்றை விடச் சொல்கிறேன். எதை விடுவது? தாளைத் திருத்தித் தரும்போது மார்க்கை மட்டும் எழுதி அனுப்புகிற இடத்தை.

இருபது சொல் கதைக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு இருபது என்றால் கிழமைக்கு நூற்று நாற்பது. நானும் நீங்களும்கூட மறந்துவிடுவோம். மறப்பதைவிட மோசமான சிக்கல் ஒன்றும் இதில் உண்டு. பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல் மட்டும்தான் இருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் ஆங்கிலத்தில் 'தின்' (மெல்லிய) என்றால் 'ஸ்லெண்டர்' என்று பாடமாக்கியிருந்தான். கட்டுரையில் 'ஸ்லெண்டர் சூப்' குடித்தான். நம் வீட்டில் யாராவது 'மெலிந்த ரசம்' என்பார்களா? தண்ணி ரசம் என்போம். மெலிவது ஆட்கள். சொல்லுக்கு அர்த்தம் மட்டும் போதாது, அது யாரோடு சேரும், யாரோடு சேராது என்றும் தெரிய வேண்டும். அதைப் பட்டியல் சொல்லித்தராது, வசனம்தான் சொல்லித்தரும்.

ஆகவே ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து சொல் போதும். அவள் அன்றைக்கு வாசித்ததில் இருந்து, அவளே பிடித்த சொற்கள். ஒரு கொப்பியில் சொல்லை எழுதி, அது வந்த வசனத்தையும் முழுதாக எழுதட்டும். மறுநாள் ஒருதரம், அடுத்த கிழமை ஒருதரம், மாதக் கடைசியில் ஒருதரம் திருப்பிப் பார்க்கட்டும். எண்ணிக்கை குறைவு என்று பயப்படாதீர்கள். செப்டம்பருக்குள் கைவசம் ஐந்நூறு சொல்லாவது நிற்கும், இப்போது நிற்பது எத்தனை?

தமிழை இங்கேயும் பயன்படுத்தலாம். கிட்டத்தட்ட ஒரே கருத்துள்ள சொற்களுக்குள் நூலிழை வித்தியாசம் கேட்பது இந்தப் பரீட்சையின் பழக்கம். அந்த வித்தியாசம் என்ற எண்ணமே சில பிள்ளைகளுக்கு இருப்பதில்லை, எல்லாம் 'ஸெட்' (சொன்னான்) தான். நாங்கள் கதைக்கிறோம், முணுமுணுக்கிறோம், புறுபுறுக்கிறோம், சிணுங்குகிறோம், கெஞ்சுகிறோம், அதட்டுகிறோம். அப்பா கார்ச் சாவியைத் தேடும்போது செய்வது எது, தம்பி ஐஸ்கிரீம் கேட்கும்போது செய்வது எது என்று கேட்டால் அவளுக்கு உடனே தெரியும். பிறகு முணுமுணுப்புக்கு 'மட்டர்', புறுபுறுப்புக்கு 'கிரம்பிள்', சிணுங்கலுக்கு 'வைன்', கெஞ்சலுக்கு 'ப்ளீட்' என்று பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பட்டியலில் நாலு நாளில் மறந்த சொல், இப்படி அப்பாவின் கார்ச் சாவியோடு ஒட்டிக்கொண்டால் போகாது.

என்ன வாசிப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட பகிடிக் கதைகளை அவள் வாசித்தால் பறிக்காதீர்கள், வாசிக்கிற ஆசையே பெரிய விஷயம். ஆனால் பரீட்சைப் பத்தி அப்படி இருக்காது. அது பெரும்பாலும் பழைய நடை, நீண்ட வசனம், நூறு வருடத்துக்கு முந்திய வீடு. அந்த வீட்டில் இருக்கிற சாமான்களை நம் பிள்ளைகள் கண்டதே இல்லை. 'மாண்டல்பீஸ்' (குளிர்காயும் அடுப்புக்கு மேலே உள்ள தட்டு) மேல் மணிக்கூடு இருந்தது என்றால், ரேடியேட்டர் பூட்டிய ஃபிளாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எங்கே விளங்கும்? 'ஹார்த்' (அடுப்புத் தரை), 'பேன்ட்ரி' (சாப்பாட்டுச் சாமான் அறை), 'மெடோ' (புல்வெளி), 'மோட்' (அகழி) எல்லாம் இப்படித்தான். இது ஆங்கிலம் தெரியாத குறை அல்ல, ஆங்கிலேயர் வீட்டுக்குள் போகாத குறை.

அதற்கு ஹரோவிலேயே மருந்து இருக்கிறது. ஹெட்ஸ்டோன் மேனர் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீடு, சுற்றிவர இன்னும் தண்ணீர் நிற்கிற அகழி, பக்கத்தில் 1506இல் கட்டிய பெரிய மரக் களஞ்சியம். இப்போது மியூசியம், உள்ளே போகக் காசு இல்லை. பாலத்தில் நின்று 'இதுதான் மோட்' என்று காட்டினால் முடிந்தது, அதைப் பாடமாக்க வேண்டாம். கையில் கொப்பியைக் கொடுத்துப் பத்துச் சாமானின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போனதாகவும் இருக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் ஊர் வீட்டில் இதற்குப் பதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லுவார், மகள் அதையும் மறக்கமாட்டாள்.

கதைப் புத்தகம் மட்டும் போதாது. பத்தி சில வேளை திமிங்கிலம் பற்றியும் ரயில் பாதை பற்றியும் வரும். ஃபர்ஸ்ட் நியூஸ், தி வீக் ஜூனியர் போன்ற பிள்ளைகளுக்கான வாரப் பத்திரிகை ஏதாவது ஒன்றை வீட்டுக்கு எடுக்கலாம், அல்லது நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். ஜூலையில் நூலகங்களில் கோடை வாசிப்புச் சவால் தொடங்கும், அதுவும் இலவசம். பேர் கொடுத்துவிடுங்கள்.

எழுத்துப்பிழைக்குப் பெரிய மந்திரம் இல்லை. தேசியப் பாடத்திட்டத்தில் மூன்றாம் நான்காம் வகுப்புக்கு ஏறக்குறைய நூறு சொல், ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு ஏறக்குறைய நூறு சொல் என்று அரசாங்கமே பட்டியல் கொடுத்திருக்கிறது, பள்ளியில் கேட்டால் தருவார்கள். பட்டியலைத் திட்டிவிட்டு இப்போது பட்டியலைக் கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், இவை அவளுக்கு அர்த்தம் தெரிந்த சொற்கள், எழுத்துத்தான் பிழைக்கும். 'அகாமடேட்' இல் இரண்டு சி, இரண்டு எம். 'நெசசரி' இல் ஒரு சி, இரண்டு எஸ். 'ரிதம்' இல் நாம் எதிர்பார்க்கிற எந்த உயிரெழுத்தும் இல்லை. காலையில் தலை பின்னும்போது நாலு சொல் கேட்டால் போதும். நிறுத்தக்குறியில் 'இட்ஸ்' என்ற சொல்லின் மேற்கொமாவும், பேச்சுக்குறியை மூடுவதற்கு முன் வரும் குறியும் சரியானால் பாதிப் பிழை போய்விடும்.

இரண்டாம் சுற்றின் எழுத்துப் பகுதியைப் பற்றி இப்போதே தூக்கம் கெட வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: ரியூசனில் 'நல்ல தொடக்கம்' என்று எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தால் தடுத்துவிடுங்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் வானம் இரத்தச் சிவப்பாகி, இடி இடித்து, இதயம் மத்தளம் அடிக்கிற கட்டுரைகளை ஒரே நாளில் நாற்பது திருத்தியிருக்கிறேன். எந்த ரியூசனில் இருந்து வந்த பிள்ளை என்று இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். திருத்துகிறவருக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

அரை மணித்தியாலத்தில் ஒரு நாவல் எழுத முடியாது. ஒரு இடம், இரண்டு ஆட்கள், சின்னதாக ஒரு சம்பவம். அம்மம்மா முதல் தடவை ஹீத்ரோவில் வந்து இறங்கிய நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தால் அதை எழுதச் சொல்லுங்கள். சூட்கேசைத் திறந்ததும் மிளகாய்த்தூள் மணம், உடுப்புகளுக்குள் சுற்றி வைத்த பனங்கட்டி, குளிருக்கு இரண்டு சொக்ஸ் போட்டும் கால் விறைத்துப்போன அம்மம்மா. வேறு எந்தப் பிள்ளையின் தாளிலும் அது வராது. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் யோசிக்கட்டும், முடிந்தபின் ஐந்து நிமிடம் திருப்பி வாசித்துப் பிழை பார்க்கட்டும். கிழமைக்கு ஒன்று எழுதினால் காணும்.

ஆகஸ்ட் பிள்ளை என்று கவலைப்பட்டீர்கள். பெரும்பாலான இடங்களில் எடுத்த மார்க்கை அப்படியே பார்ப்பதில்லை, பிள்ளையின் வயதையும் கணக்கில் எடுத்துத்தான் புள்ளியாக மாற்றுகிறார்கள். செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம், அதைச் சமன்செய்யத்தான் இந்த முறை. மகள் எழுதிய மாதிரிப் பரீட்சையில் அப்படிச் செய்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த 58ஐ அப்படியே நம்பி அழ வேண்டாம். இன்னொன்றும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்: ஜிஎல் தாளில் பிழையான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. கடைசி நிமிடத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. ஒரு கேள்வியை விட்டுத் தாண்டினால் விடைத்தாளிலும் அந்த வரியைத் தாண்ட வேண்டும். இதில் ஒரு வரி இறங்கிப்போய்க் கடைசிவரை பிழையாகக் குறித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இனிக் கடதாசி வேலை. ஹரோ வட்டாரத்தில் கிராமர் ஸ்கூல் ஒன்றுகூட இல்லை. ஹரோ என்றதும் ஊரில் உள்ளவர்கள் நினைக்கிற அந்தப் பேர்பெற்ற பள்ளி காசு கட்டிப் படிக்கிற ஆண்கள் பள்ளி, நமக்குச் சம்பந்தமில்லை. இங்கிலாந்து முழுவதற்கும் 163 கிராமர் ஸ்கூல்தான், புதிதாகத் தொடங்க 1998இல் வந்த சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே எங்கே கிடைத்தாலும் உங்கள் மகள் தினமும் தூரம் போய்வர வேண்டும். ஒரு மழை நாளில், காலை ஏழு மணிக்கு, அந்தப் பாதையில் அவளோடு ஒருதரம் போய்ப் பாருங்கள். பரீட்சையில் பாஸ் என்பதும் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. பக்கிங்ஹாம்ஷரை எடுங்கள், அங்கே 121 புள்ளி எடுத்தால் தகுதி, ஆனால் இடம் கொடுக்கும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் சேர்க்கை விதிகளை இணையதளத்தில் போட்டிருக்கும். அதை இந்த மாதமே வாசியுங்கள், போன வருடம் சேர்ந்த பிள்ளையின் தாய் சொன்னதை நம்ப வேண்டாம், விதிகள் மாறும்.

பரீட்சைக்கான பதிவு தனி, பள்ளி விண்ணப்பம் தனி. பதிவைப் பள்ளியிடமோ, சில பள்ளிகள் சேர்ந்து பரீட்சை வைத்தால் அந்தக் கூட்டமைப்பிடமோ செய்ய வேண்டும், பெரும்பாலான இடங்களில் கோடை விடுமுறைக்கு முன்பே மூடிவிடும். விண்ணப்பம் ஹரோ கவுன்சிலுக்கு, ஒக்டோபர் 31க்குள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை போடலாம். நீங்கள் எந்த வரிசையில் போட்டீர்கள் என்பது பள்ளிகளுக்குத் தெரியாது, ஆகவே உண்மையிலேயே விரும்புகிற வரிசையில் போடுங்கள். ஆறில் குறைந்தது இரண்டு, உங்கள் வீட்டுக்குக் கிட்ட, நடந்து போகக்கூடிய சாதாரணப் பள்ளிகளாக இருக்கட்டும். அந்தப் பள்ளிகளையும் மகளுக்குக் காட்டுங்கள், 'அங்கே போனால் அவமானம்' என்ற பேச்சு வீட்டில் வரக் கூடாது. முடிவு மார்ச் 1இல் வரும். கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியல் உண்டு, ஏ லெவலுக்கு வெளியில் இருந்து பிள்ளைகளை எடுக்கும் கிராமர் ஸ்கூல்களும் உண்டு.

உங்கள் கணவரோடு வாதாட வேண்டாம். ஒரு மாதம் தவணை கேளுங்கள். இரவு ஏழரைக்கு மகள் அம்மம்மாவுக்குக் கதை சொல்லும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு. மாதக் கடைசியில் ஜிஎல்லின் இலவச மாதிரித் தாளில் ஒன்றை, மணிக்கூட்டைப் பார்த்து, வீட்டிலேயே எழுத வையுங்கள். அந்தத் தாளும் பிழைவிட்ட கேள்விகளுக்கு அவள் விரல் வைத்த வரிகளும் கையில் இருந்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள், எங்கே பிடிபடவில்லை என்று சேர்ந்து பார்க்கலாம். வெறும் மார்க்கை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது.